‘மிக்’ என்னும் பெயருக்குள் ஓர் ‘உம்’

2025 செப்டம்பர் 26. மிக்-21 போர் விமானங்கள் சண்டிகரில் இறுதியாகப் பறந்ததைக் கொழிஞ்சாம்பாறையில் மாமாவோடு அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். எல்லைத் தமிழைப் பதிவு செய்யும் களப்பணிக்கிடையே ஒரு நாள் அது. மாமா விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

1963இல் வந்த விமானம். 1971 போரில் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியது. செய்தியாளர் அவற்றை விரைந்து கடந்து ‘பறக்கும் சவப்பெட்டி’ என்றார். மாமா ஒலியை நிறுத்தினார். “பேரு வெச்சவன் ஒருத்தனும் ராத்திரி முழிச்சு அதுக்கு வேலை பாத்ததில்ல கண்ணு.”

நான் மறுத்துப் பேசவில்லை, உடன்படவும் இயலவில்லை. சிறிய முக்கோண இறக்கை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையிறங்க வேண்டும். தேஜஸ் தாமதமாகத் தாமதமாக, முதுமையடைந்த விமானத்தில் இளைஞர்கள் பறந்தார்கள், இறந்தார்கள். பழி விமானத்தின் பெயர்மேல் விழுந்தது. தாமதத்திற்கு எவரும் பட்டப்பெயர் சூட்டவில்லை.

பேச்சை மாற்ற என் துறைக்குள் ஒதுங்கினேன். மிகோயான், குரேவிச் என்னும் இரு வடிவமைப்பாளர்களின் முதலெழுத்துகளே ‘மிக்’; நடுவிலுள்ள ‘இ’ ரஷ்ய மொழியில் நம் ‘உம்’ போன்ற இணைப்புச் சொல் என்றேன். மாமா முதன்முறையாகச் சிரித்தார். “இத்தன வருசம் தொட்டும் தெரியலியே!”

மாலையில் வானில் ஓர் இரைச்சல். சூலூர்ப் பக்கமிருந்து வந்திருக்கலாம். தேஜஸுக்கு மாறி அங்கே வந்த 45ஆம் ஸ்குவாட்ரனும் முன்பு மிக்-21 ஓட்டியதுதான். மாமா தேநீரை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அண்ணாந்து பார்க்கவில்லை, காது கொடுத்தார்.

“இது வேற” என்றார்.