நரம்பு என்னும் ஒரு சொல்

"சாமி, நரம்பிலே ஊசி குத்தினால் கை விழுந்துபோகுமாமே?"

பேற்றின்போது குருதி மிகுதியாய் இழந்து மனைவி மருத்துவமனையில் கிடக்க, நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நள்ளிரவில் நம்மிடம் கேட்ட கேள்வி இது. விடை கூற நம்மால் இயலவில்லை. அன்று குருதி ஈந்தவர் அவருடைய மைத்துனர்.

பின்னர் மருத்துவ அன்பர் ஒருவரிடம் வினவியபோதுதான் அவ்வச்சத்தின் வேர் நம் பேச்சுவழக்கிலேயே இருப்பது விளங்கிற்று. குருதியைச் சுமக்கும் குழாயையும் நரம்பு என்கிறோம். உணர்ச்சியைச் சுமக்கும் இழையையும் நரம்பு என்கிறோம். செவிலியர்கூட "நரம்பு கிடைக்கவில்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். முழங்கையின் உட்புறத்தே முக்கோண வடிவிலமைந்த குழியில் இவ்விரண்டும் அருகருகே உள்ளன. ஊசி நாடுவது, கையை இறுக மூடினால் தோலுக்கடியில் புடைத்துத் தோன்றும் சிரையை. ஆழத்தில் மேற்கைத் தசையின் நாணும், அதன் உட்பக்கத்தே தமனியும், அதற்கும் உட்பக்கத்தே விரல்கள்வரை செல்லும் உண்மையான நரம்பும் இருக்கின்றன. (இரத்த அழுத்தம் பார்க்கையில் மருத்துவர் குழல் வைத்துக் கேட்பது அத்தமனியின் ஒலியையே.)

நம்மை வியப்பிலாழ்த்தியது வேறொன்று. சிரைக்கும் தமனிக்கும் இடையே, தசைநாணினின்று பிரிந்து விரியும் உறுதியான மென்தகடு ஒன்று திரைபோல் கிடக்கிறது. நோய் தீர்க்கவென்று குருதியை வெளியேற்றிய பழங்கால ஐரோப்பாவில், கத்தி சற்று ஆழ்ந்தாலும் தமனி தப்பியது இத்திரையால். ஆகவே, 'இறைவனுக்கு நன்றி' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரொன்றை அதற்குச் சூட்டினர். உடற்கூற்று நூல்களில் இவ்வளவு பக்தியை நாம் எதிர்பார்த்ததில்லை!

ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. அரிதாக ஊசி நரம்பைத் தீண்டுவதுண்டு. மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி விரல்வரை ஓடும். உடனே சொன்னால் ஊசியை எடுத்துவிடுவர். பெரும்பாலும் அந்நோவு தானே அகன்றுவிடும். வெட்கப்பட்டுப் பொறுத்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிவில் இவற்றையெல்லாம் மக்களுக்கு எடுத்துரைத்தோம். திருவிழாவையொட்டிப் பங்கு மன்றத்தில் குருதிக்கொடை நடைபெற்றபோது, அவ்விளைஞர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். 350 மில்லிலிட்டர் கொடுத்தார். ஊசி இறங்குகையில் மட்டும் முகத்தை மாதா படத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.