ஹாட்ச் மிளகாய் விழா

மிளகாயில்லாத குழம்பை நம்மவர் குழம்பென்றே கொள்ளார். ஆயினும் இக்காய் நம் நாட்டிற் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்த்துக்கேயர் வாயிலாக நம்மை வந்தடைந்தது. மிளகைப்போல் உறைப்பதுபற்றி நம் முன்னோர் அதனை மிளகாய் என்றனர். அதன் சொந்தக் கண்டத்தில் அதற்குரிய பெருமையைக் காணும் அவா எங்களுக்கு நெடுநாளாய் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ மெக்ஸிகோ மாகாணத்து ஹாட்ச் என்னும் சிற்றூரில், செப்டம்பர்த் தொடக்கத்திலே, தொழிலாளர் தினத்தையொட்டி மிளகாய்க்கு விழா எடுக்கின்றனர். லாஸ் குரூசஸ் நகரிற் பயிலும் நண்பர் இருவரோடு நாங்கள் அங்குச் சென்றோம். எங்களை முதலில் எதிர்கொண்டது மணமே. கம்பிவலை உருளைகளிற் பச்சைமிளகாயைக் கொட்டித் தீயின்மேற் சுழற்றுகின்றனர்; தோல் கருகிக் கழல்கின்றது. அவ்வாறு சுட்டதை மக்கள் மூட்டையாக வாங்கிச் சென்று, குளிர்ப்பெட்டியில் ஆண்டு முழுதும் சேமித்து வைப்பராம். செம்மிளகாயைச் சரமாகத் தொடுத்து வாயில்களிலே தொங்கவிடுகின்றனர். உணவுச்சாலையில் அமர்ந்தவுடன் ‘சிவப்பா, பச்சையா?’ என்று வினவினர். இரண்டும் ஒரே செடியின் காயே. பழுத்தது சிவப்பு, பழுக்காதது பச்சை.

பிற்பகலில் அருகிலுள்ள பண்ணையொன்றிற்குச் சென்றோம். முதிய குடியானவர் ஒருவர் எங்களை அன்புடன் வரவேற்று, சாண் நீளமுள்ள காயொன்றைப் பிளந்து, உறைப்பு மிகுதியும் விதையிலன்று, விதை பற்றியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயே உள்ளது என்று காட்டினார். மெக்ஸிகோவிற் பிறந்து, லாஸ் குரூசஸ் விவசாயக் கல்லூரியில் 1894ஆம் ஆண்டில் மிளகாய் ஆராய்ச்சியைத் தொடங்கிய பேபியன் கார்சியாவின் உழைப்பே இவ்வகைக்கு மூலமென்றும் கூறினார்.

வயலில் ஆண்களும் பெண்களும் குனிந்து காய் பறித்து வாளிகளில் நிரப்பிக்கொண்டிருந்தனர். பச்சைக்காயை நசுக்காமற் பறித்துக் காம்பு நீக்குதல் இயந்திரத்திற்கு எளிதன்று. ஆதலாற் கைகளே வேண்டும். அக்கைகளோ அரியவாகி வருகின்றன. தொழிலாளரின் பெயரால் ஊர் விடுமுறை கொண்டாடிய அந்நாட்களிலும் அவர்களுக்கு ஓய்வில்லாமை எங்கள் உள்ளத்தை உறுத்தியது.

வேறொரு கவலையும் உண்டு. ரியோ கிராண்டே ஆற்றில் நாங்கள் கண்டது மணலே. 1916இல் முடிவுற்ற எலிபண்ட் பியூட் அணையில் நீர் குறைந்தால், வாய்க்காலிற் சில வாரங்களே நீர் வரும். எஞ்சிய நாட்களுக்கு நிலத்தடி நீரே துணை. 1992இல் சுமார் 34,500 ஏக்கராயிருந்த இம்மாகாணத்து மிளகாய்ச் சாகுபடி, பின்னர் 10,000 ஏக்கருக்கும் கீழே சுருங்கியது.

“உங்கள் மக்கள் இத்தொழிலைத் தொடர்வரோ?” என்று வினவினோம். “நீர் வந்தால் நடுவோம்” என்று மட்டும் அப்பெரியவர் விடை பகர்ந்தார். நாங்கள் விடைபெறுகையில், வயலோரத்திற் சில செடிகளிலே துணி கட்டியிருத்தலைக் கண்டு காரணம் கேட்டோம். அடுத்த ஆண்டு விதைக்காக அவற்றைப் பழுக்க விட்டிருப்பதாகச் சொன்னார்.