சமன்பாடும் அலகும்

எளிய ஊசலின் அலைவுகாலத்துக்குரிய சூத்திரத்தில் நீளம் மேலே வருமா, புவியீர்ப்பு ஆர்முடுகல் மேலே வருமா என்னும் ஐயம் பரீட்சை மண்டபத்திலேதான் எழும். பௌதிகத்தை நெட்டுருவால் வென்றுவிடலாமென எண்ணும் மாணவர் இன்றும் உளர். நெட்டுரு கைவிடும் அவ்வேளையில் கைகொடுப்பது அலகு.

நீளத்தின் அலகு மீற்றர். ஆர்முடுகலின் அலகோ மீற்றரைச் செக்கனின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது. முன்னதைப் பின்னதால் வகுப்போமாயின் மீற்றர் நீங்கிச் செக்கனின் வர்க்கம் எஞ்சும். அதன் வர்க்கமூலம் செக்கன். நாம் தேடுவதும் காலமே. தலைகீழாக எழுதிவிட்டால், ஒரு பக்கத்தில் செக்கனும் மறுபக்கத்தில் செக்கனின் தலைகீழும் நிற்கும். அவை ஒருபோதும் சமனாகா. ஊசற்குண்டின் திணிவு சூத்திரத்தில் ஏன் இல்லையென வினவும் மாணவனுக்கும் இங்கேயே விடையுண்டு. திணிவு புகுந்தாற் கிலோகிராமும் உடன்புகும். அதனை நீக்குதற்கு நீளத்திலோ ஆர்முடுகலிலோ கிலோகிராம் இல்லை. அடியும் இறாத்தலும் கொண்டு பயின்ற மூத்தோர்க்கும், 1960 இல் ஏற்கப்பெற்ற சர்வதேச அலகுமுறையிற் பயிலும் இளையோர்க்கும் இந்நெறி ஒன்றே.

ஆயினும் இச்சோதனையை அளவுக்கு மிஞ்சி நம்புவோரும் உளர். அலகு பொருந்தாத சமன்பாடு பிழையென்பது திண்ணம். பொருந்தியது சரியென்பதற்கோ உறுதியில்லை. ஊசற் சூத்திரத்தின் முன்னிற்கும் ஏறத்தாழ 6.28 என்னும் எண்ணுக்கு அலகில்லை. அதனை விட்டுவிட்டு எழுதினும் இச்சோதனை தடுக்காது. விசையின் திருப்பமும் சத்தியும் ஒரே அடிப்படை அலகுகளையுடையன. எனினும் அவை இருவேறு கணியங்கள்.

இக்குறையையும் இதன் வலிமையையும் ஒருங்கே காட்டுவது ஆங்கில விஞ்ஞானி ஜி. ஐ. டெயிலர் 1950 இல் வெளியிட்ட ஆராய்ச்சி. 1945 யூலை 16 இல் நியூ மெக்சிக்கோவில் முதலாவது அணுகுண்டு வெடிக்கப்பெற்றது. நிழற்படங்களிலிருந்து அவர் பெற்ற அளவுகளின்படி, 0.025 செக்கனில் தீக்கோளத்தின் ஆரை சுமார் 130 மீற்றர். வளியின் அடர்த்தியை ஆரையின் ஐந்தாம் அடுக்காற் பெருக்கி, காலத்தின் வர்க்கத்தால் வகுத்தாற் சத்தியின் அலகே வரும். முன்னிற்கும் எண்ணை அலகு தாராது. டெயிலர் அதனைக் கடினமான கணிதத்தாற் கண்டார். நற்பேறாக அது ஒன்றுக்கு அண்மியதாயிருந்தது. வளியின் அடர்த்தியைக் கனமீற்றருக்கு 1.2 கிலோகிராம் எனக் கொண்டு நாமே கணிப்பினும், விடை ஏறத்தாழ 17,000 தொன் ரி.என்.ரி. வெடிமருந்தின் சத்தியாகும். அண்மைக்கால மறுமதிப்பீடு 25,000 தொன்னை அண்மியது. அளவுகோலும் நிழற்படமும் மாத்திரம் கொண்டவர்க்கு அவ்விடை அத்துணை அருகே கிட்டிற்று.