இலவச எழுத்துருவும் உரிமப் பத்திரமும்

கட்டணமின்றிக் கிடைக்கும் எழுத்துருவைக் கல்யாணப் பத்திரிகைக்கோ கடைப் பலகைக்கோ தெரிவு செய்ய முற்படுவோர், அதன் சௌந்தரியத்தில் மயங்குமுன், உடன்வரும் உரிமப் பத்திரத்தை வாசித்துவிடுவது உத்தமம். ஏனெனில், ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வருவதை வாடிக்கையாளர் வேலைக்கு எடுத்தாள முடியாது. கூகுள் ஃபாண்ட்ஸிலுள்ள முக்தா மலர், மீரா இனிமை, பலூ தம்பி ஆகியவை எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வருவதால், எழுத்துருவையே தனியாக விற்காதவரை, வியாபாரத்துக்கும் தடையில்லை. பலூ தம்பியின் கொழுத்த ரூபம் பட்டாசுக் கடைக்குப் பொருந்தும். இரங்கல் அறிவிப்புக்கு ஆகாது (அதையும் கண்டிருக்கிறேன்).

உரிமம் தெளிந்தபின் நான் பரீட்சிப்பது, வரிகளை நெருக்கி அடுக்கும்போது மேல்வரியிலுள்ள ‘பு’வின் கால் கீழ்வரியிலுள்ள ‘தீ’யின் சுழியில் இடிக்கிறதா, பருமனைக் கூட்டினால் ‘ண’வின் சுழிகள் அடைபட்டுப் போகின்றனவா என்பதையே.