செய்த கரையும் பெற்ற கரையும்

கிளிவெட்டியிலே பிறந்தவர்க்கு மணல் ஓர் அரும்பொருள் அன்று. ஆற்றங்கரைக்குப் போனால் ஆற்று மணல். மூதூருக்குப் போனால் கொட்டியாரக் குடாவின் கடல் மணல். ஆதலால், மனிதர் முயன்று வரவழைத்த மணற்கரை ஒன்றுண்டு என்று நாம் கூறியபோது நம் பிள்ளைகள் நகைத்தனர். அதனைக் காட்டவென்றே சென்ற விடுமுறையிற் குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் பயணமானோம்.

மாலை வேளையிலே கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு இடமில்லை. முதியோரும் குழந்தைகளும் கவலையின்றி உலாவுகின்றனர். 1836ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தியடிகள் சிலையையும் கண்டு வடக்கே நடந்தோம். கரையெங்கும் அடுக்கப்பட்ட கரும்பாறைகள் முடிந்து, தலைமைச் செயலகத்தருகே மணல் விரிந்தது. இளையவள் உடனே வீடு கட்ட அமர்ந்துவிட்டாள்.

“இங்கே முன்பு மணல் இருக்கவில்லையா, அப்பா?” என்றான் மூத்தவன்.

இருந்தது. இக்கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகளால் தெற்கிலிருந்து வடக்கே நகரும் இயல்புடையது. 1980களின் பிற்பகுதியிலே நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் அங்கே தேங்கியது. வடக்கே நகரின் கரை தேய்ந்து மறைந்தது. கடலைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினர். 2004இன் ஆழிப்பேரலையில் அக்கற்சுவர் நகரைக் காத்தது உண்மையே. ஆயினும் பாறையின்மீது குழந்தை மணல்வீடு கட்ட இயலுமோ?

பின்னர், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் ஆப்பு வடிவிலான பெரும் இரும்புப் பேழையொன்றை 2018இல் நீரடியில் அமர்த்திக் கற்களால் நிரப்பினர். அது அலையின் வேகத்தைத் தணிக்க, அதன் பின்னே மணல் தங்கலாயிற்று. எனினும் அங்கே கடலில் இறங்குவது ஆபத்தானது. மணலோடு நின்றுவிடுதலே நன்று.

இவ்வாறு கரை செய்தோர் வேறிடத்தும் உளர். ஸ்பெயினுக்குரிய தெனெரீஃபே, எரிமலையாற் பிறந்த தீவு. அதன் இயற்கை மணல் பெரும்பாலும் கருநிறம். அங்கே சகாரா மணலைக் கப்பல்களிற் கொணர்ந்து பரப்பி, லாஸ் தெரெசித்தாஸ் என்னும் பொன்னிறக் கரையை 1973இல் திறந்தனர். கடலினுள் அமைந்த அலைதடுப்புச் சுவரினால் நீர் குளம்போல் அமைதியாக இருக்கிறது; குழந்தைகளோடு குடும்பங்கள் அச்சமின்றி நீராடுகின்றன. ஆனால் அச்சுவர் இல்லையேல் அம்மணலும் நில்லாது. செய்த கரையை மனிதன் என்றுமே காத்திருத்தல் வேண்டும்.

பெற்ற கரையையோ ஆறு காக்கிறது. மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, தான் சுமந்து வந்த மணலைக் கொட்டியாரக் குடாவிற் சேர்க்கிறது. அதற்கு நாம் கூலி கொடுத்ததில்லை.

ஊர் திரும்பியபோது, புதிய அறையொன்று கட்டுவதற்கென நாம் வாங்கியிருந்த ஆற்று மணல் முற்றத்திலே குவிந்து கிடந்தது. இளையவள் அதன்மேல் ஏறி நின்று, “இதுவும் கடலுக்குப் போகவேண்டிய மணலா, அப்பா?” என்று வினவினாள்.

ஆமென்று கூறுவதன்றி வேறு மறுமொழி நம்மிடம் இருக்கவில்லை. வீடும் வேண்டியதே. ஆயினும் அன்றிரவு, போட்டிருந்த கணக்கை மீண்டும் எடுத்து, அறையின் நீளத்தை நான்கடி குறைத்தோம்.