இவருக்குப் பதில் இவர்

கரியாஹாட்டிலிருந்து கோல்பார்க் போகும் வழியில், நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், லால் பிஹாரி டே 1883-ல் வெளியிட்ட வங்காளக் கதைத் தொகுப்பு கிடைத்தது. அதில் ஒரு கதை நம்மைப் போல வெளியூரில் பிழைக்கிறவங்களுக்கென்றே எழுதினது மாதிரி இருக்குதுங்க.

அம்மாவையும் பெண்டாட்டியையும் காப்பாற்றப் பணம் சம்பாதிக்க ஒரு பிராமணன் ஊரைவிட்டுப் போகிறான். ஒரு பேய் அவன் உருவத்தில் வீட்டுக்கு வந்து குடித்தனம் நடத்துகிறது. அம்மாவுக்கும் தெரியவில்லை, பெண்டாட்டிக்கும் தெரியவில்லை. சில வருஷம் கழித்து நிஜ ஆள் வந்து நின்றால் யாரும் நம்பவில்லை. ராஜாவே கையை விரித்துவிட்டார். கடைசியில் ஒரு மாட்டுக்காரப் பையன், குப்பிக்குள் நுழைகிறவன்தான் வீட்டுக்காரன் என்கிறான். பேய் நுழைந்தது, மூடி போட்டாச்சு!

அயர்லாந்திலும் இதே பயம் உண்டு: தேவதைகள் ஆளைத் தூக்கிப்போய் மாற்று ஆளை வைத்துவிடுமாம். அங்கே 1895-ல் பிரிட்ஜெட் கிளியரி என்ற பெண்ணை, இவள் என் மனைவியே இல்லை என்று புருஷனே எரித்தான்.

நம்ம டிவி சீரியலில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டால் போதும், அம்மா இரண்டே நாளில் புது முகத்தோடு ராசி. ஊரில் அவளுக்கு கேஸ் புக் பண்ணுவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் மாடி வீட்டுப் பையன். போன ஞாயிறு ஃபோனில் அவன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. "மாத்திரை போட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.