காலங்கடந்த விசா

தான் பிறந்த மண்ணிலேயே ஒருவர் அனுமதிக் காலம் கடந்து தங்கியவராக ஆதல் கூடுமோ? கூடும் என்பதற்கு மலையகத் தமிழ் மக்களின் வரலாறே சான்று.

எம்பிலிப்பிட்டியவின் வெப்பம் மிகுந்த வயற்சமவெளியை விட்டு வடமேற்கே இறக்குவானை நோக்கிச் செல்வோர், வயல்கள் மறைந்து இறப்பரும் தேயிலையும் தோன்றக் காண்பர். அவ்வழித் தோட்டமொன்றின் லயத்தில், தகரப் பெட்டியின் அடியிலே, பழஞ்சேலையிற் சுற்றிய இந்தியக் கடவுச்சீட்டு ஒன்றைத் தாயொருத்தி பல்லாண்டு காத்து வந்தாள். அது அவள் தந்தையின் பெயருக்குக் கிடைத்தது. குழந்தையாயிருந்த அவளுடைய பெயரும் அதிலே சேர்க்கப்பட்டிருந்தது. இந்தியாவை அவளும் கண்டதில்லை. அவள் தந்தையும் கண்டதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு இல்லாத தோட்ட மக்களுட் பெரும்பாலோர் அதனால் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஏறத்தாழ 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர்.

இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோர் கப்பலேறும் வரை இங்கு தங்குவதற்கு வதிவிட விசா வழங்கப்பட்டது. பாட்டியின் நோய் காரணமாக அக்குடும்பத்தின் பயணம் தள்ளிப் போயிற்று. 1984இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற் சேவை நின்றது. விசா காலாவதியானது, குடும்பமோ அதே லயத்தில் இருந்தது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சி, அவள் எம்பிலிப்பிட்டியச் சந்தைக்குச் செல்வதையும் குறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு மகள். கணவனும் அத்தகைய கடவுச்சீட்டுக் குடும்பத்தவனே. ஆதலால் பிள்ளை தோட்ட வைத்தியசாலையிற் பிறந்தும் பிரசையாகவில்லை. பெற்றோரின் காலாவதி பிள்ளைக்கு முதுசமாயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும் என ஆசிரியர் கேட்டபோது, பெட்டியைத் திறப்பதா என்னும் அச்சம் தாயைப் பற்றியது. கடவுச்சீட்டைக் காட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். காட்டாவிடின் மகளின் படிப்பு நின்றுவிடும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அம்முடிச்சை அவிழ்த்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாய் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் இந்நாட்டிற் பிறந்து வாழும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரகடனமொன்றின் மூலம் பிரசைகளாகலாம் என்றது. கடவுச்சீட்டுப் பெற்றிருந்தோர்க்கு விசேட பிரகடனம் வகுக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில், சில நாட்களுள் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர்.

தோட்டத்துப் பாடசாலையிற் படிவம் நிரப்பும் நாளில் தாய் தயங்கியே வந்தாள்.

"ஐயா, இதக் காட்டினா எங்கள அனுப்பிருவாங்களா?"

"இல்லம்மா. இத்தன காலமா இங்கதான் இருக்கீங்கங்கிறதுக்கு அதுவும் ஒரு சாட்சிதான்" என்றார் ஆசிரியர்.

மகள் படிவத்தை வாய்விட்டு வாசித்தாள். தாய் கைநாட்டு வைத்தாள். குற்றச்சாட்டு எனக் கருதி ஒளித்து வைத்த கடவுச்சீட்டு, உரிமைக்குச் சான்றாய் மேசைமீது கிடந்தது.

இதனைச் சட்டத்தின் கருணை என்பாருமுளர். ஆயின் ஒன்று சிந்திக்கத்தக்கது. 2003இல் ஒரு பிரகடனமே போதுமாயிருந்ததெனின், அதற்கு முந்திய ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அம்மக்களிடம் என்ன குறைந்திருந்தது? அவர்கள் மாறவில்லை, அவர்களைப் பார்த்த பார்வையே மாறிற்று. அம்மாற்றத்தைக் காணாமலே அவள் தந்தை அத்தோட்டத்து மண்ணில் அடங்கிவிட்டார். பேத்தி பரீட்சைக்குத் தோற்றினாள்.